பாவம் செய்தால் தேவனோடு உள்ள ஐக்கியம் அறுந்துபோகுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி விசுவாசிகள் பதில் சொல்லுங்க

பாலக்கோடு தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வாலிபர் கூட்டத்துல போன வாரம் கைகலப்பு வராத குறை.

உபவாச ஜெபத்துக்கு வெளியூர்ல இருந்து வந்த ஊழியர் ஒருத்தர் சொன்னார்: விசுவாசி ஒரு பொய் சொன்னா அந்த நிமிஷமே தேவனோட ஐக்கியம் கட். அறிக்கை பண்ற வரைக்கும் நீ பண்ற ஜெபம் கூரையைத் தாண்டாது. ஆதாரம் ஏசாயா 59:2, "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது."

ஒசூர்ல வேலை பாக்குற பையன் ஒருத்தன் உடனே எழுந்துட்டான். கிருபைக்குள்ள வந்தவனுக்கு எதுவுமே அறுபடாதாம். பாவங்களை அறிக்கையிட்டா தேவன் மன்னிப்பார்னு சொல்ற 1 யோவான் 1:9 அவிசுவாசிகளுக்கு எழுதினதாம். தினம் மன்னிப்பு கேக்கறது சிலுவையை அவமதிக்கிற மாதிரியாம். பாஸ்டர் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுட்டு, "சனிக்கிழமை தம்பி இதைப் பத்தி பேசுவான்"னு என்னைக் கை காட்டிட்டார்.

நான் ராயக்கோட்டையில தக்காளி மண்டியில கணக்கு எழுதுறவன். "இந்த விலைக்குக் குடுத்தா எனக்கு நஷ்டம் சாமி"ன்னு ஒரு நாளைக்கு எங்க மண்டியில எத்தனை தடவை சத்தம் கேக்கும்னு ஊருக்கே தெரியும். அந்த ஊழியர் சொன்னது சரின்னா, ஏலம் முடியறதுக்குள்ள அங்க இருக்கிற விசுவாசிங்க எல்லாரும் தேவனை விட்டுப் போயிட்டு வந்து, திரும்பவும் போயிருப்பாங்க. அதுவும் சரியாப் படல. பையன் சொன்னதும் சரியாப் படல. வசனத்தோட சொல்லுங்க.

பென்னாகரம் அண்ணன்

தம்பி, உறவு வேற, ஐக்கியம் வேற. இதைப் பிரிச்சுப் பார்த்துட்டா பாதி சண்டை தீர்ந்துடும்.

மறுபடி பிறந்தவன் பிள்ளை. அது போகாது. அப்பாவும் மகனும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிற வீடு நம்ம பக்கம் எத்தனை இருக்கு? ரேஷன் கார்டுல மகன் பேர் அப்படியே இருக்கும், அடிச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஒரே திண்ணையில உக்காந்து கஞ்சி குடிக்க மாட்டாங்க. பாவம் செய்தா கார்டுல இருந்து பேர் போகாது, பேச்சு நின்னுபோகும்.

தாவீதைப் பாரு. சங்கீதம் 51-ல "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும்" தாங்கன்னு கேக்கறான். போனது சந்தோஷம். யோவான் 13-ல பேதுரு காலைக் கழுவ விடமாட்டேன்னப்போ ஆண்டவர் சொன்னது ரெண்டு: கழுவாட்டா என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை; முழுகினவன் காலை மட்டும் கழுவினா போதும். முழுக்கு ஒரு தரம், கால் கழுவறது தினம்.

ஏசாயா 59-ஐப் பொறுத்தவரைக்கும், அடுத்த வசனத்தையும் வாசிக்கணும். "உங்கள் கைகள் இரத்தத்தாலும்"னு வருது. அது நியாயஸ்தலத்துல பொய் பேசி, ரத்தம் சிந்திக்கிட்டே உபவாசம் இருந்த ஜனத்துக்குச் சொன்னது. மண்டிப் பொய்யை நான் நியாயப்படுத்தல. ஆனா அந்த வசனத்தை அங்கிருந்து பிடுங்கி ஒவ்வொருத்தன் தலையிலயும் வைக்கக் கூடாது.

ஒசூர் சிப்காட்

அந்தப் பையன் நான் இல்லை, ஆனா அவன் பக்கம் தான் 🙂

எபிரெயர் 10:14 பாருங்க. பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார். "என்றென்றைக்கும்"னு இருக்கு, அடுத்த பாவம் வரைக்கும்னு இல்லை. 17-ம் வசனத்துல அவங்க பாவங்களை இனி நினைப்பதில்லைன்னு தேவனே சொல்றார். நினைக்காத பாவத்துக்காக அவர் ஏன் பேச்சை நிறுத்துவார்?

இன்னொன்னு. அறிக்கை பண்ணாத பாவம் ஒவ்வொண்ணும் ஐக்கியத்தை அறுக்கும்னா, எனக்கே தெரியாத பாவத்துக்கு என்ன பண்றது? "தன் பிழைகளை உணருகிறவன் யார்?"னு சங்கீதம் 19:12 கேக்குது. அப்போ பூமியில ஒருத்தனுக்கும் ஒரு மணி நேரம்கூட ஐக்கியம் இருந்ததில்லைன்னு ஆகும். பென்னாகரம் அண்ணன் சொல்ற திண்ணை, பிறந்ததுல இருந்தே காலியா தான் இருந்திருக்கும்.

பென்னாகரம் அண்ணன்

தெரியாத பாவத்துக்கு தெரிஞ்ச அளவுக்குத் தான் கணக்கு. வெளிச்சம் காட்டின வரைக்கும் ஒத்துக்கிட்டா போதும்.

ஒசூர் சிப்காட்

அது எந்த வசனம் அண்ணா?

கிருஷ்ணகிரி மாங்கூழ்

ரெண்டு பேரும் சண்டை போடற வசனத்தை ஒரு தரம் வரிசையா வாசிப்போமா?

1 யோவான் 1:6, அவரோட ஐக்கியம்னு சொல்லிக்கிட்டு இருளில் நடந்தா பொய். 1:7, ஒளியிலே நடந்தா ஒருவரோடொருவர் ஐக்கியம், "அவருடைய குமாரனாகிய இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்." கவனிங்க. ஒளியில நடக்கிறவனுக்குத் தான் ரத்தம் சுத்திகரிக்குதுன்னு இருக்கு. அவன்கிட்ட பாவமே இல்லைன்னா எதைச் சுத்திகரிக்கிறது? அப்போ ஒளியில நடக்கிறவன்னா பாவம் செய்யாதவன் இல்லை. பாவம் இருக்கும், ஐக்கியமும் இருக்கும், சுத்திகரிப்பும் நடந்துக்கிட்டே இருக்கும், மூணும் ஒரே வசனத்துல. ஒசூர் தம்பி கேட்ட தெரியாத பாவத்துக்கு அதுதான் பதில்.

இருள் யார்கிட்ட? 8-ம் வசனமும் 10-ம் வசனமும் சொல்லுது. "நமக்குப் பாவமில்லை"ன்னு சொல்றவன்கிட்ட. யோவான் இங்க எதிரெதிரா நிறுத்தறது பாவம் செய்தவனையும் செய்யாதவனையும் இல்லை. மறைக்கிறவனையும் மறைக்காதவனையும்.

1:9 அவிசுவாசிகளுக்குன்னு சொல்றது நிக்காது. "நாம் அறிக்கையிட்டால்"னு யோவான் தன்னையும் சேர்த்துத் தான் சொல்றார். ரெண்டு வரி தாண்டி "என் பிள்ளைகளே"ன்னு கூப்பிடறார். கர்த்தருடைய ஜெபத்துல மன்னிப்பு கேக்கறது அன்றன்றுள்ள ஆகாரத்துக்கு அடுத்த வரி. ஆகாரத்தை மட்டும் தினம் கேட்டுட்டு மன்னிப்பை ஞானஸ்நானத்தோட முடிச்சுக்கலாம்னு ஆண்டவர் சொல்லலையே.

நாங்க லூத்தரன். 1895-ல அமெரிக்காவோட மிசௌரி லூத்தரன் மிஷன் இந்தியாவுல முதல்ல கால் வெச்சது நம்ம கிருஷ்ணகிரியில தான். அதை ஆரம்பிச்ச மிஷனரி நேத்தர் ஐயர் (ஐயர்னா எங்க பக்கம் போதகர்) 1904-ல இங்கேயே ப்ளேக்ல இறந்தார். அந்த வழியில வந்த எங்க ஆராதனை பாவ அறிக்கையோட தான் ஆரம்பிக்கும். வெளியில இருந்து வர்றவங்க, "வாரம் பூரா அறுந்து கிடந்துட்டு ஞாயித்துக்கிழமை முடிச்சுப் போடறீங்களா"ன்னு கேப்பாங்க. அப்படி இல்லை. எங்க சபைக்குப் பேர் வரக் காரணமான மார்ட்டின் லூத்தர் 1517-ல எழுதின 95 கருத்துகள்ல முதலாவதே, விசுவாசியோட வாழ்க்கை முழுசும் மனந்திரும்புதலா இருக்கணும்ங்கிறது தான். வீட்டுக்குள்ள இருக்கிறவன் பேசற பேச்சு அது.

ஆனா பென்னாகரம் அண்ணே, "உறவு போகவே போகாது"ங்கிறதை எங்களால ஒத்துக்க முடியாது. தாவீது விபசாரத்துலயும் கொலையிலயும் விழுந்தப்போ விசுவாசமும் ஆவியும் அவனை விட்டுப் போயிடுச்சுன்னு 1537-ல லூத்தர் ஸ்மால்கால்ட் கட்டுரைகள்ங்கிற விசுவாச அறிக்கையில எழுதி வெச்சிருக்கார். தெரிஞ்சே பாவத்துல படுத்துக்கிட்டா கார்டுல இருக்கிற பேருக்கும் ஆபத்து தான்.

எலத்தகிரி

கத்தோலிக்கர் பேசலாமா இங்க?

நீங்க எல்லாரும் பாவத்தை ஒரே எடையில போட்டுட்டு அப்புறம் அறுந்துச்சா அறலயான்னு கேக்கறீங்க. எங்களுக்கு சாவான பாவம் வேற, அற்பப் பாவம் வேற. 1 யோவான் 5:16, 17-லயும் மரணத்துக்கேதுவான பாவம், அல்லாத பாவம்னு ரெண்டா தான் இருக்கு. விஷயம் கனமா இருக்கணும், தெரிஞ்சிருக்கணும், மனசார சம்மதிச்சிருக்கணும். மூணும் சேர்ந்தா தான் சாவான பாவம். அதுல தேவ அருள் போகும். அப்பவும் விசுவாசம் கூடவே போயிடும்னு அவசியமில்லைன்னு 1547-லயே எங்க திருச்சபையோட திரெந்து பொதுச்சங்கம் சொல்லிடுச்சு. அற்பப் பாவம் அன்பைப் பலவீனப்படுத்தும், அறுக்காது.

நாங்க சேலம் மறைமாவட்டத்துல இருந்த காலத்துல, அதாவது 1997-க்கு முன்னாடி, எங்க தாத்தா பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிப்பார். ஒரு தரம் அபராதமா ஜெபம் மட்டும் இல்லாம, "பக்கத்து நிலத்துக்காரருக்கு அந்தத் தண்ணி முறையைத் திருப்பிக் குடு"ன்னு சாமியார் சொல்லி அனுப்பினாராம். அவரே எங்ககிட்ட சொல்லிச் சிரிப்பார். உங்க அறிக்கையில, எடுத்ததைத் திருப்பிக் குடுன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காரா?

கெலமங்கலம் சிஸ்டர்

நான் ரொம்ப நாளா இந்தக் குழுவுல வாசிக்க மட்டும் தான் செய்யறேன். இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

அந்த ஊழியர் சொன்ன உபதேசத்துல தான் நான் வளர்ந்தேன். ஒசூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தப்போ ஹாஸ்டல்ல ஒரு நாற்பது பக்க நோட்டு வெச்சிருந்தேன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் மொட்டைமாடியில உக்காந்து அன்னைக்குச் செஞ்ச பாவத்தையெல்லாம் நம்பர் போட்டு எழுதுவேன். சூப்பர்வைசரை மனசுக்குள்ள திட்டினது. அம்மாகிட்ட சாப்பிட்டேன்னு சொன்ன பொய். ஒவ்வொண்ணா ஜெபிச்சு சிவப்பு பேனாவுல அடிப்பேன். கடைசியா "மறந்தது"ன்னு ஒண்ணு எழுதி அதையும் அடிப்பேன். அடிச்சு முடிச்சு கீழ இறங்கறப்போ, படிக்கட்டுல யாராவது வழி மறிச்சு நின்னா எரிச்சல் வரும். உடனே திரும்ப மேல ஏறுவேன்.

அப்போ ஏதாவது ஆகி செத்துப்போனா என்ன ஆவேன்னு பயம். தேவன் கூடப் பேசற நேரத்தை விட, பேசலாமா கூடாதான்னு கணக்குப் பாக்குற நேரம் அதிகமாச்சு. இதை ஐக்கியம்னு சொல்ல முடியுமா அண்ணா? வசனத்தோட யாராவது சொல்லுங்க. எனக்கு எங்க சபையில கேக்க பயமா இருக்கு.

ஊத்தங்கரை

சிஸ்டர் சொன்னது ஒரு பக்கம். நான் பார்த்தது நேர் எதிர்.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விசுவாசிகளை மட்டும் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தினார். மாசா மாசம் ஆள் சேரும். எங்க அம்மாவும் கட்டினாங்க, தங்கச்சி கல்யாணத்துக்குன்னு. கடைசியில சீட்டு நின்னுபோச்சு. கேட்டவங்களுக்கு "அடுத்த மாசம்." காலையில ஜெபத்துல அவரைப் பார்க்கணும். கண்ணீர் தாரை தாரையா வரும். "ஆண்டவரே, என் குறைகளை மன்னியும்"னு உருகுவார். 1:9 சொல்லிட்டு எழுந்தா முகம் அப்படி ஒரு தெளிவு. வாசல்ல நிக்கிற எங்க அம்மாவைப் பார்த்து "பிரெய்ஸ் தி லார்ட்மா"ன்னுட்டு வண்டியை எடுத்துடுவார்.

பென்னாகரம் அண்ணன் கணக்குப்படி அவருக்குக் காலை 6 மணிக்கு ஐக்கியம் திரும்பிடுச்சு. ஒசூர் தம்பி கணக்குப்படி போகவே இல்லை. எங்க அம்மா பணம் தான் திரும்பல.

ஒசூர் சிப்காட்

ஐயோ. இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அண்ணா.

கிருஷ்ணகிரி மாங்கூழ்

சிஸ்டருக்கும் ஊத்தங்கரைக்காரருக்கும் சேர்த்தே எழுதறேன், ஏன்னா ரெண்டும் ஒரே தப்பான எண்ணத்துல இருந்து வருது. அறிக்கைன்னா பட்டியல் வாசிக்கிறதுன்னு நினைக்கிறோம். ஒருத்தர் பட்டியல் முடியவே இல்லையேன்னு நடுங்கறாங்க. இன்னொருத்தர் பட்டியல் முடிஞ்சுதுன்னு வண்டியை எடுத்துட்டுப் போறார்.

பென்னாகரம் அண்ணன் சொன்ன திண்ணையையே எடுத்துக்குவோம். பேச்சை நிறுத்தினது யார்? லூக்கா 15-ல இளையவன் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்ததை முழுசா சொல்லக்கூட விடல. என்னை உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்னு கேக்க நினைச்சு வந்தான், அதைச் சொல்றதுக்கு முன்னாடியே அப்பா வேலைக்காரங்களைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டாரச் சொல்லிட்டார். ஆதியாகமம் 3-ல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சது ஆதாம். "நீ எங்கே இருக்கிறாய்"னு தேடிக்கிட்டு வந்தது தேவன். சிஸ்டர், நீங்க மொட்டைமாடியில நோட்டோட உக்காந்தப்போ ஒளியலையே. எல்லாத்தையும் எடுத்து வெச்சீங்க. 1:7 உங்களைப் பத்தி தான் பேசுது. நோட்டு எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே சுத்திகரிப்பு நடந்துக்கிட்டு தான் இருந்துச்சு. "மறந்தது"ன்னு எழுதினீங்களே, அதையும் சேர்த்துத் தான் "சகல பாவங்களையும்"னு இருக்கு.

சீட்டுக்காரர் தினம் அறிக்கை பண்ணார், ஆனா இருள்ல தான் நடந்தார். அவர் தேவன்கிட்ட "குறைகள்"னு சொன்னது, "உன் பணம் என்கிட்ட இருக்கு, நான் செலவழிச்சுட்டேன்"னு உங்க அம்மாகிட்ட சொல்லாம இருக்கறதுக்காக. 1 யோவான் 1:7-ல ஒளியில நடந்தா "ஒருவரோடொருவர்" ஐக்கியம்னு எழுதியிருக்கிறதைப் பலபேர் அவசரத்துல தாண்டிடறாங்க. மேல தேவன், பக்கத்துல உங்க அம்மா. ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை விட முடியாது. எலத்தகிரிக்காரர் சொன்ன தண்ணி முறைக் கதை எங்க சபைக்கும் தேவை, ஒத்துக்கறேன்.

பென்னாகரம் அண்ணன்

நல்லா சொன்னீங்க, ஆனா ஒரு பக்கமா சாயுது. எல்லாமே நம்ம பக்கம் இருந்து தான் அறுபடுது, தேவன் எப்பவும் ஓடி வந்துக்கிட்டே இருப்பார்னு சொன்னா, எபேசியர் 4:30-ல பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்னு ஏன் இருக்கு? மனைவியை மதிக்காத புருஷனுக்கு ஜெபத்துல தடை வரும்னு 1 பேதுரு 3:7 சொல்லுது. அந்தத் தடை அவன் மனசுக்குள்ள மட்டும் இல்லை. எபிரெயர் 12:6-ல எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சிக்கிறார். அப்பாவும் முகத்தைத் திருப்புவார். பிள்ளைங்கிறதாலயே திருப்புவார்.

இது எங்க அசெம்பிளி சபை மட்டும் சொல்றது இல்லை. 1646-ல எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே தான் சொல்லுது. நீதிமானாக்கப்பட்டவன் அந்த நிலையில இருந்து விழ முடியாது, ஆனா பாவத்தால பிதாவோட அதிருப்திக்கு ஆளாகலாம். தாழ்ந்து, அறிக்கை பண்ணி, திரும்பற வரைக்கும் அவர் முகத்தோட வெளிச்சம் திரும்பக் கிடைக்காது. உறவு, ஐக்கியம்னு நான் பிரிச்சது இதைத் தான்.

அந்த சீட்டு ஆளுக்கு 6 மணிக்கு ஐக்கியம் திரும்பிச்சுன்னு நான் சொல்லல. எடுத்ததைத் திருப்பிக் குடுக்கறதும் மனந்திரும்புதல்ல சேர்த்தி. லூக்கா 19-ல சகேயு ஏமாத்தி வாங்கினதுக்கு நாலத்தனை குடுத்தான்.

கிருஷ்ணகிரி மாங்கூழ்

சிட்சை இருக்குங்கிறது சரி. ஆனா சிட்சிக்கிறவர் தூரமா நின்னு சிட்சிக்க முடியாது. கிட்ட வந்து தான் ஆகணும்.

பாலக்கோடு தம்பி

இன்னொரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. எங்க மச்சான் அவர் அண்ணன்கூட வரப்புத் தகராறுல பேசறதில்லை. முதல் ஞாயிறு திருவிருந்துன்னா சபைக்கே வர்றதில்லை. "ஐக்கியம் இல்லாம எடுத்தா ஆக்கினை"ங்கறார். 1 கொரிந்தியர் 11. அவர் செய்யறது சரியா?

எலத்தகிரி

சாவான பாவத்துல இருக்கிறவர் நற்கருணை வாங்கக் கூடாதுன்னு தான் எங்களுக்கும் சட்டம். ஆனா பூசைக்கே வராம இருக்கச் சொல்லி யாரும் சொல்லல.

பென்னாகரம் அண்ணன்

தம்பி, அந்த அதிகாரத்துல கொரிந்து சபையில ஒருத்தன் பசியா இருக்க, இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சிருந்தான். அதுதான் பிரச்சனை. பவுல் சொன்ன தீர்வு, "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து." சோதிச்சுட்டு வீட்டுல படுத்துக்கோன்னு சொல்லல. மத்தேயு 5:24-லயும் காணிக்கையை வெச்சுட்டு முன்பு உன் சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்கு. உங்க மச்சான் பலிபீடத்தையும் விட்டுட்டார், சகோதரன் வீட்டுப் பக்கமும் போகல. ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டார். சர்வேயரைக் கூப்பிட்டு வரப்பை அளந்தா அரை நாள் வேலை.

ஊத்தங்கரை

அரை நாளா! எங்க தாலுக்காவுல சர்வேயரைப் பிடிச்சுக் குடுங்க, நான் உங்க அசெம்பிளியில சேர்ந்துக்கறேன்.

கெலமங்கலம் சிஸ்டர்

மாங்கூழ் அண்ணா, பதிலுக்கு நன்றி. ஆனா ஒரு சந்தேகம். நான் ஒளியில தான் இருக்கேன்னு எப்படித் தெரியும்? மறைக்கலன்னு நினைச்சுக்கிட்டு மறைச்சுட்டா?

கிருஷ்ணகிரி மாங்கூழ்

அதைத் தேவன்கிட்ட கேட்டுட்டு விட்டுடணும் சிஸ்டர். சங்கீதம் 139 கடைசியில "தேவனே, என்னை ஆராய்ந்து"ன்னு இருக்கு. ஆராயற வேலை அவருக்கு. அப்புறம் நம்பிக்கையான ஒரு அக்காகிட்ட, யாக்கோபு 5:16-ல சொன்ன மாதிரி, ஒரு தரம் வாய்விட்டுப் பேசுங்க. உங்க ஐயருக்குப் பயந்தா அவர் சம்சாரத்துக்கிட்ட பேசுங்க.

ஒசூர் சிப்காட்

நான் யோசிச்சுப் பார்த்தேன். எங்க சபை சொல்றபடி அந்த சீட்டு ஆளுக்கு ஐக்கியம் அறலன்னு நான் சொல்லணும். எனக்கு வாய் வரல. ஆனா சிஸ்டருக்கு தினம் ராத்திரி அறுந்துச்சுன்னு யாராவது சொன்னா, அவங்களோட சண்டைக்குத் தான் போவேன். 1:9 பத்தி எங்க பாஸ்டர்கிட்ட கேக்கறேன். எபிரெயர் 10-ஐ நான் விடறதா இல்லை.

பாலக்கோடு தம்பி

விட வேண்டாம் பிரதர், அதுவும் வேணும். சனிக்கிழமைக்கு 1 யோவான் 1:5-ல இருந்து 2:2 வரைக்கும் எல்லாரையும் சத்தமா வாசிக்க வெச்சுட்டு பேச ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஏசாயா 59 யாராவது எடுத்தா 3-ம் வசனத்தோட.

ஊத்தங்கரை

2:2-ல நிறுத்திடாதே தம்பி. 2:4 வரைக்கும் போ. "அவரை அறிந்திருக்கிறேனென்று சொல்லியும், அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்ளாதவன் பொய்யனாயிருக்கிறான்." எங்க அம்மா அந்த வசனத்துல அடியில கோடு போட்டு வெச்சிருக்காங்க.